உள்ளங்கையில் ஒரு ஸ்பிட்ஃபயர்



அறிவியல் மன்றக் கண்காட்சியில் நான் வைத்திருந்த மூன்று குட்டி விமானங்களைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேள்வி கேட்டீர்கள். "இது கடையில வாங்கினதா, செஞ்சதா?", "இது பறக்குமா?", "ரிமோட் எங்கே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட சுவரிதழில் எழுதிவிடலாம் என்று வேதியியல் சார் சொன்னார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த மூன்று கேள்விக்கும் பதில். பாகங்களை வாங்கி நான் செய்தது. பறக்காது. ரிமோட் கிடையாது. "அப்புறம் எதுக்குடா இது?" என்கிறீர்களா? அதைத்தான் சொல்லப் போகிறேன்.

★ ஸ்கேல் மாடல் என்றால் என்ன?

பொம்மைக் கடையில் விற்கும் விமானத்தில் இறக்கை குட்டையாக இருக்கும், சக்கரம் பெரிதாக இருக்கும். யாரும் அளந்து செய்வதில்லை. ஸ்கேல் மாடல் அப்படியல்ல. உண்மையான விமானத்தின் ஒவ்வோர் அளவையும் ஒரே எண்ணால் வகுத்துச் செய்வது. நம் புவியியல் புத்தகத்து வரைபடத்தில் அளவுகோல் போட்டிருப்பார்களே, அதே சங்கதிதான். வரைபடம் தட்டையாக இருக்கும், இது முப்பரிமாணத்தில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னிடம் இருப்பவை எல்லாம் 1/72 அளவு. அதாவது மாடலில் 1 செ.மீ. என்றால் நிஜத்தில் 72 செ.மீ. "அதென்ன 72? ஏன் 50 இல்லை, 100 இல்லை?" என்று எனக்கும் தோன்றியது. இது பிரிட்டன்காரர்கள் அடி, அங்குலத்தில் கணக்குப் போட்ட காலத்தில் வந்தது. 6 அடி என்பது 72 அங்குலம். ஆக, நிஜத்தில் 6 அடி உயர மனிதன் மாடலில் சரியாக 1 அங்குலம்! மனக்கணக்காகவே போட்டுவிடலாம். 1936-இல் பிரிட்டனில் 'ஃபிராக் பெங்குவின்' என்ற பெயரில் பிளாஸ்டிக் விமான கிட்கள் வந்தபோதும் இதே 1/72 அளவில்தான் வந்தன.

1/72 தவிர 1/48, 1/32 என்ற அளவுகளும் உண்டு. கீழே இருக்கும் எண் சிறியதாக ஆக ஆக மாடல் பெரியதாகும். (பின்னம் நடத்தும்போது தூங்கியவர்கள் கவனிக்கவும்!) ஸ்பிட்ஃபயர் மார்க் 1 விமானத்தின் இறக்கை நீளம் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 11.23 மீட்டர். அப்படியானால்:

1/72 அளவில் – 15.6 செ.மீ.
1/48 அளவில் – 23.4 செ.மீ.
1/32 அளவில் – 35.1 செ.மீ.

1/72 விமானம் உள்ளங்கையில் உட்காரும். நம் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைவிட ஒரு விரல்கடை கூடுதல் நீளம், அவ்வளவே.

★ ஒரு கணக்கு விளையாட்டு

நீளம் 72-இல் ஒரு பங்கு ஆனால் பரப்பு 72 × 72, அதாவது 5,184-இல் ஒரு பங்கு ஆகும். கன அளவு 72 × 72 × 72, அதாவது 3,73,248-இல் ஒரு பங்கு! முழுச் சுமையோடு கிளம்பும் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 சுமார் 2,600 கிலோ. எடையும் கன அளவைப் போலவே குறைந்தால் என் மாடல் 7 கிராம்தான் இருக்க வேண்டும். "ஒரே வடிவம், அளவு மட்டும் மாறினால் எல்லாம் ஒரே மாதிரி மாறாது" என்று இயற்பியல் சார் சொன்னது இதைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

★ பெட்டிக்குள் என்ன இருக்கும்?

என் முதல் கிட்டை சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்தால் விமானம் இருக்காது! ஜன்னல் சட்டம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் மாங்கொத்து போலப் பாகங்கள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் இருக்கும். இது எப்படி வருகிறது தெரியுமா? பிள்ளையார் சதுர்த்திக்கு அம்மா கொழுக்கட்டை அச்சில் மாவை அழுத்துவார்கள் அல்லவா? அதே போல எஃகு அச்சின் இரண்டு பாதிகளை இறுக்க மூடி, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிறார்கள். ஆறியதும் அச்சைத் திறந்தால் சட்டத்தோடு பாகங்கள் வந்துவிடும். உருகிய பிளாஸ்டிக் ஓடிய வாய்க்கால்தான் அந்தச் சட்டம்.

இந்த பிளாஸ்டிக்கின் பெயர் பாலிஸ்டிரீன். நமக்குப் புதியது அல்ல. தெர்மாகோல் இருக்கிறதே, அது காற்றடைத்து ஊத வைத்த பாலிஸ்டிரீன்தான்! தெர்மாகோலில் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் குழிகுழியாக உருகும், பார்த்திருப்பீர்கள். அந்தக் குணத்தை வைத்துத்தான் இந்தப் பாகங்களை ஒட்டுகிறோம். இதற்கென்று உள்ள பசை இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைக்கும். கரைந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்து இறுகும். அதனால் இது ஒட்டு அல்ல, ஒரு வகை வெல்டிங்!

★ எப்படிச் செய்வது?

1. பாகங்களைச் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

2. பாகத்தைக் கையால் பிய்க்கவே கூடாது. நகவெட்டியால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மீதியை நைசான உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிக் குவித்தால் எண் தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். தேவைப்படும்போது மட்டும் வெட்டுங்கள்.

3. பசை போடும் முன் சும்மா பொருத்திப் பாருங்கள். இதுதான் முதல் விதி, கடைசி விதி எல்லாமே.

4. விமானி உட்காரும் அறையை முதலில் முடிக்க வேண்டும். உடல் பகுதி இடது, வலது என்று இரண்டு பாதியாக வரும். அதை மூடிவிட்டால் உள்ளே தூரிகை போகாது. நாற்காலி, பிடிகோல், மீட்டர் பலகை எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்து உள்ளே வைத்த பிறகுதான் மூட வேண்டும்.

5. அடுத்து இறக்கை. ஸ்பிட்ஃபயரின் இறக்கை தட்டையாக நீட்டிக்கொண்டிருக்காது. இரண்டு பக்கமும் சுமார் 6 டிகிரி மேல்நோக்கி இருக்கும். 1/72 மாடலில் இறக்கை நுனி சுமார் 7 மி.மீ. உயர வேண்டும். தீப்பெட்டி அட்டையை அடுக்கி இரண்டு நுனிக்கும் முட்டுக் கொடுத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். இந்த 6 டிகிரி அழகுக்காக வைத்தது அல்ல. காற்றில் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அது நிமிர இந்த அமைப்பு உதவும்.

6. பெயின்ட். மேலே மண் பழுப்பும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக, கீழே வெளிர் வான நிறம். மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு வயல்வெளியோடு கலந்துவிடும், கீழிருந்து பார்த்தால் வானத்தோடு கலந்துவிடும். பச்சோந்தி வேலைதான்! கெட்டியாக ஒரே முறை பூசாமல், நீர்க்கப் பூசி, காயவிட்டு, மறுபடி பூச வேண்டும். யோசித்துப் பாருங்கள், மாடலில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 7.2 செ.மீ. பெயின்ட் திரண்டு நின்றால் விமானத்துக்குச் சிமென்ட் பூசிய மாதிரி ஆகிவிடும்.

7. தண்ணீர் ஸ்டிக்கர். வட்டச் சின்னம், எழுத்துகள் எல்லாம் ஒரு தாளில் வரும். வெட்டி, தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, மாடல் மேல் வைத்து நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். நாம் சின்ன வயதில் கையில் ஒட்டிக்கொண்ட படங்கள் மாதிரியேதான்.

8. கடைசியில் கண்ணாடிக் கூண்டு. இதற்கு ஃபெவிகுவிக் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். நாம் கைவேலை வகுப்பில் வைத்திருக்கும் சாதாரண ஃபெவிகாலே போதும். காய்ந்ததும் தெளிவாகிவிடும்.

கவனிக்க: பசையும் பெயின்ட்டும் மூச்சுக்கு ஆகாதவை. ஜன்னலைத் திறந்து வைத்து, பெரியவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அடுப்புப் பக்கம் போகவே கூடாது.

★ பாகங்கள் பேசும் கதை

மாடல் செய்யும்போது "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு துண்டும் ஒரு கதை சொல்லும். எனக்குப் பிடித்த நான்கை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீள்வட்டம். இப்படி வளைத்துச் செய்வது தொழிற்சாலையில் கஷ்டமான வேலை. ஆனாலும் செய்தார்கள். இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும், அதற்குள்ளேயே எட்டுத் துப்பாக்கியும் சக்கரமும் அடங்க வேண்டும், காற்றின் இழுவையும் குறைய வேண்டும். மூன்றுக்கும் சேர்த்துக் கிடைத்த விடை அந்த வளைவு. இதை வடிவமைத்தவர் ஆர்.ஜே. மிட்செல். முதல் ஸ்பிட்ஃபயர் 1936 மார்ச் 5-இல் பறந்தது. அடுத்த ஆண்டே, 1937 ஜூனில், மிட்செல் நோயால் இறந்துவிட்டார். அவர் வரைந்த விமானம் 20,000-க்கும் மேல் செய்யப்பட்டதை அவர் பார்க்கவில்லை.

விமானத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். வலது இறக்கைக்குக் கீழே பெரிய பெட்டி, இடதுக்குக் கீழே சின்னதாக வேறொன்று. "கம்பெனிக்காரன் பாகத்தை மாத்திப் போட்டுட்டான்" என்று நினைக்கத் தோன்றும். இல்லை! வலதில் இன்ஜினைக் குளிரவைக்கும் ரேடியேட்டர், இடதில் எண்ணெயைக் குளிரவைக்கும் கருவி. மார்க் 1-இல் அது அப்படித்தான்.

இறக்கையின் முன் விளிம்பில் ஒட்டச் சொல்லி எட்டுச் சிவப்புச் சதுரங்கள் ஸ்டிக்கர் தாளில் இருக்கும். அவை துப்பாக்கி வாயை மூடி ஒட்டிய துணி! உயரே போனால் கடுங்குளிர். ஈரம் உள்ளே போய் உறைந்தால் துப்பாக்கி சுடாது. அதனால் துணி ஒட்டி அனுப்புவார்கள். முதல் குண்டே துணியைக் கிழித்துக்கொண்டு போகும். துப்பாக்கி ஒன்றுக்கு 300 குண்டுதான். அழுத்திப் பிடித்தால் சுமார் 15 வினாடியில் எல்லாம் காலி.

புரொப்பெல்லர் கறுப்பு, நுனி மட்டும் மஞ்சள். சுழலும்போது மஞ்சள் வட்டம் தெரியும், தரையில் வேலை செய்பவர்கள் தள்ளி நிற்பார்கள்.

┌ உங்களுக்குத் தெரியுமா? ┐
ஸ்பிட்ஃபயர் மூக்கை வெடுக்கென்று கீழே அழுத்திப் பாய்ந்தால், அதன் கார்பரேட்டரில் எரிபொருள் ஓட்டம் தாறுமாறாகி இன்ஜின் திணறும். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு இந்தப் பிரச்சினை இல்லை. 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், நடுவில் துளையுள்ள ஒரு சின்ன உலோகத் துண்டைக் குழாயில் பொருத்தி இதைப் பெருமளவு சரிசெய்தார்!
└─────────────┘

★ பார்க்கத் தெரியாததால் போன உயிர்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் மூன்று மாடல்கள் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், மெஸ்ஸர்ஷ்மிட் 109. கண்காட்சியில் நிறைய பேர் "மூணும் ஒண்ணுதானே, பெயின்ட்தான் வேற" என்றீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. மூன்றுக்கும் ஒரே இன்ஜின், ஒரே ஆள், கீழே இறக்கை. தூரத்தில் பார்த்தால் மூன்றும் காக்காதான்.

ஆனால் அதே குழப்பத்தால் நிஜத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது 1939 செப்டம்பர் 3. மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 6 காலையில், எதிரி வருகிறான் என்று தவறான தகவல் வந்தது. ஸ்பிட்ஃபயர்களும் ஹரிக்கேன்களும் கிளம்பின. ஒரு ஜெர்மன் விமானம்கூட அங்கே இல்லை. ஸ்பிட்ஃபயர் விமானிகள் தங்கள் நாட்டு ஹரிக்கேன்களையே எதிரி என்று எண்ணிச் சுட்டார்கள். இரண்டு ஹரிக்கேன் விழுந்தன. மான்டேக் ஹல்டன்-ஹாரப் என்ற விமானி இறந்தார். அந்தப் போரில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் போர் விமானி அவர்தான். ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் சுட்டு வீழ்த்திய விமானமும் சொந்த நாட்டு விமானம்தான்!

பார்த்துப் பிரித்தறிவது உயிர் சமாச்சாரம் என்று எல்லோருக்கும் புரிந்தது. விமானிகளுக்கும் தரையில் பீரங்கி இயக்குபவர்களுக்கும் விமானத்தை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்தார்கள். எதை வைத்து? 1/72 மாடல்களை வைத்து! 1942 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை ஒரு வேண்டுகோள் விடுத்தது. யாரிடம்? பள்ளி மாணவர்களிடம்! 5 லட்சம் மாடல் விமானங்கள் வேண்டும் என்று கேட்டார்கள். நம் வயதுப் பையன்களும் பெண்களும் பள்ளிப் பட்டறையில் மரத்தைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஏன் கறுப்பு? வானத்தில் தூரத்தில் நிறம் தெரியாது, வடிவம் மட்டும்தான் தெரியும். வடிவத்தை மட்டுமே வைத்துச் சொல்லப் பழக வேண்டும்.

இதன் பின்னால் இருப்பது நம் ஒத்த முக்கோணக் கணக்கு. 1/72 மாடலை 10 மீட்டர் தூரத்தில் வைத்தால், நிஜ விமானம் 720 மீட்டரில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகத் தெரியும். வகுப்பறைக்குள்ளேயே வானத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள்!

மூன்றையும் பிரிப்பது எப்படி? நான் பழகிய வழி இது.

ஸ்பிட்ஃபயர் – இறக்கை நீள்வட்டம், நுனி நோக்கிக் கூராகப் போகும். மாடலில் 15.6 செ.மீ.
ஹரிக்கேன் – இறக்கை தடிமன், ஓரங்கள் ஏறக்குறைய நேர்கோடு, நுனி உருண்டை. முதுகு கொஞ்சம் கூன். ரேடியேட்டர் வயிற்றுக்கு நடுவில். பின்னுடல் துணி போர்த்தியது, அதனால் மாடலிலும் விலா எலும்பு மாதிரி வரிகள் தெரியும். மாடலில் 16.9 செ.மீ.
மெஸ்ஸர்ஷ்மிட் 109 (இ வகை) – மூன்றில் சிறியது. இறக்கை நுனி வெட்டிய மாதிரி சதுரம். வால் இறக்கைக்கு அடியில் முட்டுக் கம்பி. மாடலில் 13.7 செ.மீ.

படத்தில் பார்த்தபோது எனக்கும் மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஒவ்வோர் இறக்கையையும் கையால் தேய்த்த பிறகு எவ்வளவு தூரத்தில் வைத்தாலும் சொல்லிவிடுகிறேன். கண்ணால் நூறு தடவை பார்ப்பதும் கையால் ஒரு தடவை செய்வதும் ஒன்றல்ல நண்பர்களே!

★ தமிழம்மா கேட்ட கேள்வி

எல்லோரும் பாராட்டியபோது தமிழம்மா மட்டும் அமைதியாகக் கேட்டார்கள்: "கொல்றதுக்குன்னு செஞ்ச பொருளைப் போய் இவ்வளவு ஆசையா செய்றியே தம்பி, மனசுக்கு ஒண்ணும் தோணலையா?"

அம்மா, தோன்றியது. அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஸ்பிட்ஃபயர் மாடலில் விமானி அறைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு சுண்டுவிரல் அகல இடம் இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் என்ன இருந்தது என்று தேடிப் படித்தேன். எரிபொருள் தொட்டி! சுமார் 386 லிட்டர் பெட்ரோல், விமானியின் முழங்காலுக்கு நேர் முன்னால். அதில் குண்டு பட்டால் தீ நேராக முகத்துக்கும் கைக்கும் வரும். அப்படி எரிந்துபோன விமானிகளுக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ தோல் ஒட்டி, முகத்தைத் திரும்ப உருவாக்கினார். ஒருவருக்கே பல அறுவைச் சிகிச்சைகள் தேவைப்பட்டன. அவர் கையில் சிகிச்சை பெற்றவர்கள் 1941-இல் சங்கம் தொடங்கி, அதற்குக் 'கினி பன்றிச் சங்கம்' என்று தங்களையே கேலி செய்து பெயர் வைத்துக்கொண்டார்கள்.

1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்த பிரிட்டன் வான்போரில் பிரிட்டன் பக்கம் பறந்தவர்கள் 2,900-க்கும் அதிகம். அவர்களில் 544 பேர் அந்த நான்கு மாதத்துக்குள் இறந்தார்கள். பலருக்கு நம் +2 அண்ணன்களைவிட மூன்று, நான்கு வயதுதான் கூட இருக்கும். ஜெர்மன் பக்கம் இறந்தவர்களும் அப்படிப்பட்ட இளைஞர்களே.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. போருக்காக இங்கிருந்து போன நன்கொடையை நினைவுகூர்ந்து பிரிட்டிஷ் விமானப்படையின் சில அணிகளுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயர் வைத்தார்கள். ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234-ஆம் அணி அவற்றில் ஒன்று. நாம் அடிமையாக இருந்த காலத்தில், நம் ஊர்ப் பெயரோடு ஓர் அணி அந்த வானத்தில் பறந்திருக்கிறது.

கிட்டில் ஒரு விமானி பொம்மையும் இருக்கிறது. உட்கார்ந்த நிலையில் கட்டைவிரல் நகம் உயரம். மெஸ்ஸர்ஷ்மிட் கிட்டில் இருப்பவரும் அதே அளவுதான். முகம் பூசும்போது எந்த நாட்டுக்காரர் என்று தூரிகைக்குத் தெரிவதில்லை. ஸ்பிட்ஃபயரைப் படத்தில் பார்த்தால் வீரம் மட்டும்தான் தெரியும். பாகம் பாகமாகச் சேர்த்தால் அதற்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார் என்பது தெரிகிறது. அதனால்தான் அம்மா, நான் கூண்டைத் திறந்தே ஒட்டுகிறேன், உள்ளே இருப்பவர் தெரியட்டும் என்று.

★ நீங்களும் செய்யலாம்

கிட் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அந்த அமெரிக்க மாணவர்களிடம் பிளாஸ்டிக் கிட் இருந்ததா என்ன? அட்டை, மென்மையான மரம், உப்புத்தாள், ஸ்கேல் இருந்தால் போதும். விமானம்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. பஸ், நெல் அறுக்கும் இயந்திரம், நம் பள்ளிக் கட்டடம், எதுவானாலும் சரி. ஒரே நிபந்தனை, அளந்து செய்ய வேண்டும். அளக்கப் போனால்தான் தினமும் பார்த்த பொருளை நாம் பார்க்கவே இல்லை என்பது தெரியவரும்!

★ மூளைக்கு வேலை

1. நம் கொடிக்கம்பம் 30 அடி என்று வைத்துக்கொண்டால் 1/72 அளவில் எத்தனை அங்குலம்?
2. மாடலை 5 மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை எவ்வளவு தூரத்தில் பார்ப்பதற்குச் சமம்?
3. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் மூன்று மாடல்களுக்கும் கறுப்புத் தாள் நிழலுரு வெட்டி நூலகத்தின் எதிர்ச் சுவரில் ஒட்டப்போகிறேன். வராண்டாவின் இந்தக் கோடியில் நின்று எது எது என்று சொல்ல முடியுமா?

விடைகளை எழுதி அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த சுவரிதழில்!

– 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்,
அறிவியல் மன்றம்.